மாசிக் கண்காட்சி: ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமார், அக்காமாருக்கும், பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊர் விளைபொருள், கைவினைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பொன்னாடை வாங்கியவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லியாயிற்று. கூப்பிடக் கூப்பிட மேடைக்கு வராமல் பந்தல் ஓரமாக நின்றுகொண்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், விதை திருப்பித் தந்தவர்களுக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைக் காத்த மறைந்த நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கிவந்தார். அதைப் பார்த்துத்தான் நாமும் 2023 மாசியில் பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, வெள்ளைக் கத்தரி, நாட்டுச் சுரை என்று கொடுத்துவிட்டோம். அந்த டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைச் சம்பா தேங்கிய தண்ணீரைத் தாங்கி நிற்கும் நெல்தான். ஆனால் வந்த வெள்ளம் தேங்கி நிற்க வரவில்லை, வயலையே மணல் மேடாக்கிவிட்டுப் போனது. அடுத்த மாசியில் கண்காட்சி நடத்த யாருக்கும் மனம் வரவில்லை.

விதை வாங்கியவர்கள் பெயர் எழுதிய விதை நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்றே குழுவில் பேசினோம். இந்த முறை காலையில் பந்தலைத் திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் சாக்கோடு நிற்கிறார்கள். ஒரு மாமா வெளியூரில் நெல் வாங்கி, தன் வயலில் விதைத்து, அறுத்து, கணக்குப்படி இரட்டிப்பாகக் கொண்டு வந்திருந்தார். “வெள்ளத்தில் போனதுக்கு யார் மாமா கேட்கப் போறா?” என்றதற்கு, “நோட்டில் என் பேர் இருக்குல்லா?” என்றார். அவ்வளவுதான் பேச்சு. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து கொண்டுவந்த ஆச்சிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கண்காட்சியில் எனக்குப் பிடித்த மேசை உங்களுடையதுதான்.

அடுத்து, புடலங்காய்ப் போட்டியில் ஊர் மானத்தைக் காப்பாற்றிய தையல்கடை அண்ணாச்சிக்கு. ஒரு காய் நுனியில் கல் கட்டி வளர்த்தது, விட்டம் போல நேராக இருந்தது. இன்னொன்று வால் சுருண்டு கிடந்தது. சுருளையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அது கூடாது என்று இன்னொரு கட்சி. “கல்லைக் கட்டி இழுத்தது காயா, கயிறா?” என்று ஒருவர் கேட்க, சத்தம் கூடிவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. நூல்கண்டை எடுத்தார். சுருளோடு சுருளாக நூலை ஒட்டி வைத்து, வெட்டி, டேப்பில் நீட்டிக் காட்டினார். சுருண்ட காய் இரண்டு விரற்கடை கூடுதல். தோற்றவர் அங்கேயே நின்று, ஒரு காயை விதைக்குப் பழுக்க விடும்படி ஜெயித்தவரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் போனார்.

பத்தமடையில் இருந்து வந்த பாய் நெய்யும் பெரியம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாளும் அசையாமல் தறி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆற்றுத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த கோரையைக் கத்தியால் அவர் கீறியதைப் பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கீறக் கீறக் கோரை இழையாகிறது. இழை சன்னமானால்தான் பட்டுப்பாய் துணி மாதிரி மடியும். “இவ்வளவு விலையா?” என்று கேட்டவர்கள், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரல் அகலம் வளர்வதைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை எல்லாக் கடையிலும் இப்படிச் செய்தே காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

காருகுறிச்சியில் இருந்து சக்கரத்தோடு வந்த மண்பாண்டக்காரருக்கும், பிள்ளைகள் கோணல்மாணலாக வனைந்த அகல்களைக்கூடச் சூளையில் வைத்துத் தருகிறேன் என்று சுமந்து போனதற்கும் நன்றி. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் கடையை முதல் நாளே காலி செய்தது பிள்ளைகள் அல்ல, பாட்டிமார்கள்.

உடன்குடிக் கருப்பட்டி கேட்டு வந்தவர்கள் கோபிக்க வேண்டாம். மாசியில் புதுக் கருப்பட்டி கிடைக்காது, வந்தது பழைய சரக்கு. அதையும் பானகமாகக் கரைத்து வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிய மகளிர் குழுவினருக்கு நன்றி. அம்பை 16 அரிசியில் புட்டு அவித்துத் தந்ததும் அவர்களே. அந்த நெல் 1986-இல் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது என்று பலகை எழுதி வைத்திருந்தோம். புட்டு வரிசையில் நின்றவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சரி, போகட்டும்.

தேர்வு நேரத்திலும் மைதானம் தந்த தலைமையாசிரியர், தராசு தந்த மளிகைக்கடைக்காரர், சனிக்கிழமை இரவு கம்பத்தில் ஏறிய லைன்மேன், ஞாயிறு இரவே மைதானத்தைப் பெருக்கித் தந்த தூய்மைப் பணியாளர்கள், பரிசு கிடைக்காவிட்டாலும் முகம் சுளிக்காத எல்லாரும் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டு தூக்குச்சட்டியும் ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பும் நூலகத்தில் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். விதை நோட்டும் அங்கேதான் இருக்கிறது. கார் பருவத்துக்குப் பூங்கார் வேண்டுபவர்கள் சீக்கிரம் வந்து பெயர் எழுதுங்கள். நெல் கொஞ்சம்தான் மிச்சம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர் சார்பாக