கொடைக்கு முன்னால் வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்மாவட்டக் கிராமக் கோயில்களில் நடக்கும் கொடை விழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாசமாக இருந்தார்களாம், அதனால் கூடினார்களாம், தொலைக்காட்சி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாம். சேரன்மகாதேவிப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பாசம் அவ்வளவாக நினைவில் இல்லை. சண்டைதான் நினைவில் இருக்கிறது.

பிசானப் பருவத்து நெல் வீடு வந்து சேர்ந்துவிடும். அடுத்த பருவமான கார் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை கிடையாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊர் அம்மனுக்குக் கொடை. ஒரு மாதம் முன்பே கோயில் மணலில் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்து வரிக் கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, எவ்வளவு வரி என்பதுதான் பேச்சு. வில்லுப்பாட்டு போதுமா, நையாண்டி மேளமும் கரகமும் வேண்டுமா என்பதைப் பொறுத்து வரி ஏறும், இறங்கும். கல்யாணம் முடித்து அதே வீட்டில் இருக்கும் மகன் தனித் தலைக்கட்டா, தகப்பன் வரிக்குள் அடக்கமா என்ற ஒரு கேள்விக்கே இரண்டு இரவு போய்விடும். கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. ஆனால் அவர்கள் கூட்டத்தில் உட்கார முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

என் பெரியப்பாவுக்கும் அடுத்த வயல்காரருக்கும் வரப்புத் தகராறில் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. கூட்டத்தில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்" என்று மூன்றாம் ஆளிடம் சொல்லுவார் பெரியப்பா. அந்த மூன்றாம் ஆளும் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே திருப்பிக் கேட்பார். கொடை முடிந்து எட்டாம் நாள், எட்டாம் கொடையன்று கணக்கு வாசிக்கும்போது இருவரும் நேருக்கு நேராகவே திட்டிக்கொள்வார்கள். அதை நாங்கள் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டோம்.

கட்டுரையில் ஒரு பிழையையும் திருத்த வேண்டும். வில்லுப்பாட்டின் வில் மூங்கில் இல்லை, வைரம் பாய்ந்த பனை. புலவர் அதன் நாணில் வீசுகோலை அடிக்க, வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். பக்கத்தில் குடக்காரர் மண்குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அடிப்பார். உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ளும். புலவர் ஒரு வரி சொல்ல, பின்னால் இருப்பவர் "ஆமா" போட, கதை மெல்ல நகரும். பாயில் கிடந்த பிள்ளைகள் நாங்கள் பாதியில் தூங்கிவிடுவோம். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நேரத்தில் பாட்டின் வேகம் கூடிச் சாமியாடிக்கு அருள் வரும்போது, அம்மா உலுக்கி எழுப்பி உட்காரவைப்பாள். இன்றைக்கும் எங்கேயாவது குடத்துச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

கட்டுரையாளர் "ஊரே கூடியது" என்று எழுதியிருக்கிறார். ஊர் கூடவில்லை. கீழத்தெருவுக்கு அப்பால் இருந்தவர்களிடம் வரி வாங்குவதில்லை. சிறுவயதில் அதை இரக்கம் என்று நினைத்தேன். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம், சாமிக்குப் படைத்த படப்புச் சோற்றில் பங்கு கேட்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. அவர்களுடைய மேளம் மட்டும் வேண்டியிருந்தது.

கூட்டம் போனதற்குத் தொலைக்காட்சியைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்ததே, அப்போது பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஜனங்கள் இன்னும் அதிகமாகத்தான் கூடினார்கள். என் கணக்கில், வரி போனது, கூட்டமும் கூடவே போனது. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்து நன்றாக இருக்கும் நாலு பேர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் பிறகு எதற்குக் கூட்டம்? அடுத்தவர் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது? இப்போது மேளம் வருகிறது, வாணவேடிக்கை நடக்கிறது, தெருமுனையில் ஆளுயரப் பேனரில் அந்த நாலு பேரும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த வருடம் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். வரி எழுத யாரும் வரவில்லை. நானே பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் நின்ற பையனிடம் நீட்டினேன். "வரியெல்லாம் இப்போது கிடையாது தாத்தா. நன்கொடையாகக் கொடுங்கள், பேனரில் பெயர் போட்டுவிடுகிறோம்" என்றான். பெயர் வேண்டாம், கணக்கு வாசிப்பது என்றைக்கு என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
சேரன்மகாதேவி வட்டம்