காட்டில் தனியாக ஒரு பையன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

கவினுக்கு லீவில் படிக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். யோசிக்கவே வேண்டாம், எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் 1983இல் எழுதிய 'தி சைன் ஆஃப் தி பீவர்' கொடு. நானும் மகளும் இப்போதுதான் படித்து முடித்தோம்.

கதை 1768இல், அமெரிக்காவின் மெய்ன் காட்டில் நடக்கிறது. குடும்பத்தை அழைத்துவர அப்பா மாசச்சூசெட்ஸ் போகிறார். புதிதாகக் கட்டிய மரவீட்டுக்கு மேட் என்ற சிறுவன் மட்டும் காவல். தினமும் குச்சியில் ஒரு வெட்டு போட்டு நாளை எண்ணுகிறான். எவனோ வந்து துப்பாக்கியைத் திருடிக்கொண்டு போகிறான். கரடி புகுந்து மாவையெல்லாம் நாசம் செய்கிறது. தேன் எடுக்கப் போய், தேனீக்கள் கொட்டிக் குளத்தில் விழுந்தவனைப் பூர்வகுடிப் பெரியவர் சக்னிஸ் காப்பாற்றுகிறார்.

நன்றிக்கடனாக மேட், தனித்தீவில் சிக்கியவனின் கதையான 'ராபின்சன் குரூசோ' புத்தகத்தை நீட்டுகிறான். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. என் பேரன் அட்டீனுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடு என்கிறார். வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தத்தில் குறி போடவைத்து நிலத்தைப் பிடுங்குகிறார்களே, அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பேரனுக்காவது தெரியவேண்டும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அட்டீனுக்கோ பாடமே பிடிக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் குரூசோ காப்பாற்றிய பூர்வகுடி ஆள் ஃப்ரைடே அவன் காலடியில் மண்டியிடும் இடம் வந்ததும் சீறி எழுகிறான். அப்புறம் அவன்தான் மேட்டுக்கு வாத்தியார். மரவேரில் கண்ணி கட்டவும், குச்சியைச் செதுக்கித் தூண்டில் முள் செய்யவும் காட்டித்தருகிறான்.

எனக்கு ஒரு குறை உண்டு. அட்டீனின் மக்கள் எதிர்ப்பே இல்லாமல் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவதாகக் கதை முடிகிறது. உண்மையில் அங்குள்ள பெனோப்ஸ்காட் மக்கள் எங்கும் போய்விடவில்லை. இன்றும் பெனோப்ஸ்காட் ஆற்றின் இந்தியன் தீவில் வாழ்கிறார்கள். பூர்வகுடி நிலத்தை வாங்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற 1790ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறித்தான் தங்கள் நிலம் பறிபோனது என்று அண்டைப் பழங்குடியினரோடு சேர்ந்து வாதாடினார்கள். 1980இல் 8 கோடியே 15 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஆனது. சக்னிஸ் ஆசைப்பட்டது போலவே, காகிதத்தைப் படித்துத்தான் நியாயம் கேட்டார்கள். அட்டீன் எங்கே போனான் என்று கவின் கேட்டால் இதைக் கட்டாயம் சொல்.

வாக்கியங்கள் சின்னவை, ஆங்கிலம் அவனுக்குச் சிரமம் இருக்காது. என் பிரதியையே கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
செல்வம்