பழைய புகைப்படத்தைப் பசை போட்டு ஒட்டி அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் புகைப்படம் சேதமாகி வந்ததும் தொப்பி பேட்ஜ் மாறி வந்ததும் தொடர்பாக

ஐயா / அம்மா,

சென்ற மாதம் உங்கள் இணையதளத்தில் இரண்டு பொருட்கள் வாங்கினேன். ஒன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் அயர்லாந்துப் படைப்பிரிவான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் முதல் பட்டாலியனின் சிப்பாய்கள் ஏழு பேர் சென்னையில் எடுத்துக்கொண்ட படத்தின் அசல் பிரதி. இன்னொன்று, அதே படைப்பிரிவின் தொப்பி பேட்ஜ். இரண்டுக்கும் சேர்த்து 18,500 ரூபாய் கட்டினேன். பார்சல் வந்த அன்றே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அப்புறம் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அவற்றுக்குப் பதில் இல்லாததால் இந்தக் கடிதம்.

அந்தப் படத்தை நான் வாங்கியதே அதன் பின்பக்கத்துக்காக. நீங்கள் பின்பக்கத்தையும் படமெடுத்துத் தளத்தில் போட்டிருந்தீர்கள். "மெட்ராஸ், 1913" என்று பென்சிலில் எழுதி, கீழே ஏழு பெயர்கள் வரிசையாக இருந்தன. படம் மங்கலாக இருந்ததால் இரண்டு பெயர்களைத்தான் படிக்க முடிந்தது. மீதி ஐந்தையும் கையில் வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொள்ளலாம் என்று நம்பி ஆர்டர் போட்டேன். பார்சலைப் பிரித்தால், படம் புத்தம்புது வெள்ளை அட்டையில் முழுக்கப் பசை தடவி ஒட்டப்பட்டு, கண்ணாடி போட்ட கறுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் வெள்ளை ஓரத்தையும் நறுக்கியிருக்கிறீர்கள். ஸ்டூடியோவின் புடைப்பு முத்திரை அந்த ஓரத்தில்தான், வலது கீழ்மூலையில் இருந்தது. அதுவும் போய்விட்டது.

போனில் பேசிய உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். "அழகா ஃபிரேம் போட்டுத்தானே சார் குடுத்திருக்கோம், பின்பக்கத்தை யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டார். நான் பார்ப்பேன். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி உங்கள் நிறுவனத்தில் இருக்கும்வரை இன்னும் பல படங்களுக்கு இதே கதி நேரும்.

இந்தப் பட்டாலியன் சென்னையில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே திரட்டிய ஐரோப்பியப் படைதான் பிறகு மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது. 1881இல் அதை பம்பாய் ஃபியூசிலியர்ஸுடன் சேர்த்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது இதே படைக்குத் தலைமை தாங்கிய ஆங்கிலேய அதிகாரி நீல் செய்த கொடுமைகளும், மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் நடந்த சத்தியாகிரகமும் நம் ஊருக்குத் தெரிந்தவை. அந்தச் சிலை 1937இல்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. அந்த வரலாற்றை நான் மறக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தப் படைப்பிரிவைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இந்த முதல் பட்டாலியன் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. அந்த வருடக் கடைசிக்குள் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து துருக்கியின் கலிப்போலி தீபகற்பம். 1915 ஏப்ரல் 25 அன்று வி பீச் கடற்கரையில், பெரும்பாலானவர்கள் திறந்த படகுகளில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே போய் இறங்கினார்கள். மீதமிருந்தவர்களைச் சில நாட்களிலேயே ராயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸில் எஞ்சியவர்களோடு சேர்த்துக் கொஞ்ச காலம் ஒரே பட்டாலியனாக ஓட்ட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு ஆட்கள் போயிருந்தார்கள். 1913இல் மெட்ராஸ் வெயிலில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த ஏழு பேரில் எத்தனை பேர் அந்தக் கரையைத் தாண்டினார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெயர்கள் வேண்டும்.

வேறு வழியில் தேடலாமே என்று நீங்கள் சொல்லலாம். 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து ஆவணக் கிடங்கு எரிந்தபோது, முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. சிப்பாய்கள் பெற்ற பதக்கங்களைக் குறித்துவைத்த அட்டைகளும் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் தேடவும் பெயர்தான் வேண்டும். படைப்பிரிவையே போய்க் கேட்கலாம் என்றால், அயர்லாந்து சுதந்திர நாடானபோது 1922இல் அதையும் கலைத்துவிட்டார்கள். கோட்டையில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் அதிகாரிகளுக்கு நினைவுக் கற்கள் நிறைய இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்க்கு, யாரோ ஒருவர் பென்சிலில் எழுதிவைத்த இந்த மாதிரி ஒரு வரிதான் மிச்சம். அதன்மேல்தான் நீங்கள் பசை தடவியிருக்கிறீர்கள்.

பேட்ஜ் விஷயம் இவ்வளவு பெரியது இல்லை. டப்ளின் பேட்ஜில் தீ எரியும் கையெறிகுண்டின்மேல் புலியும் யானையும் இருக்கும். எனக்கு வந்ததில் புலி மட்டும் இருக்கிறது, பட்டையில் "ராயல் மன்ஸ்டர்" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அது வங்காளத்தில் தோன்றிய வேறு படைப்பிரிவு. பெட்டியில் போடுமுன் ஒருமுறை படித்திருந்தால் போதும்.

இப்போது நான் கேட்பது இதுதான். தளத்துக்காகப் பின்பக்கத்தை எடுத்த படத்தின் பெரிய அளவுக் கோப்பு உங்களிடம் இருந்தால் உடனே அனுப்புங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். நறுக்கிய ஓரம் குப்பைக்குப் போகாமல் இருந்தால் அதையும் அனுப்புங்கள். படத்தை அட்டையிலிருந்து பிரித்தெடுக்கக் காகிதப் பாதுகாப்பு வல்லுநருக்கு ஆகும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். சரியான பேட்ஜைத் தாருங்கள், அல்லது அதன் விலையைத் திருப்புங்கள். அப்புறம், இதே ஆல்பத்திலிருந்து பிரித்த இன்னும் நான்கு படங்கள் உங்கள் தளத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றுக்காவது பசையும் கத்தரியும் வேண்டாம். இருபக்கமும் ஸ்கேன் செய்து, ஆல்பம் எங்கிருந்து கிடைத்தது என்ற விவரத்தோடு விற்பனை செய்யுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, உங்கள் விளம்பரப் பக்கத்தின் நகல், பார்சலைப் பிரித்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பொருளைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணத்தையும் தருவதாக உங்கள் ஊழியர் போனில் சொன்னார். படத்தைத் திருப்பித் தர எனக்கு விருப்பமில்லை. அதைப் பிரித்துப் பார்க்க உங்கள் ஆள் யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். வல்லுநர் கிடைக்கும்வரை அது சட்டத்தோடு அப்படியே, ஈரம் படாத அலமாரியில் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
திருவல்லிக்கேணி, சென்னை