மதியம் கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஆட்டிசமா என்று போய்ப் பார்க்கலாம் எனக் கூப்பிடும் இந்தக் கடிதத்தைப் பொதுவில் போடலாமா என்று கேட்டு உனக்கு அனுப்பியிருந்தேன். நாலு நாள் கழித்து "போடு" என்று பதில் வந்தது. அதனால்தான் போடுகிறேன்.

2003. உனக்கு ஒன்பது வயது, நான் பிளஸ் டூ. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக உன்னை அரசு மருத்துவக் குழுவுக்கு அழைத்துப் போனோம். டாக்டர் உன் பெயர், ஊர், ஒரு மிட்டாய் ஐம்பது காசு என்றால் ஐந்து மிட்டாய் எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். நீ தலைக்கு மேலே டக் டக்கென்று சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 'மனவளர்ச்சி குன்றியவர், 50 சதவீதம்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு இரவு ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டே நீ ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாய். பெயர், ஊர், "ரெண்டரை ரூபா", கேட்ட அதே வரிசையில். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ரொம்ப வருடம் அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம். அவசரமாக முடித்ததற்கு இன்னும் கோபம்தான். ஆனால் அவர் நிதானமாகப் பார்த்திருந்தாலும் ஆட்டிசம் என்று எழுதச் சான்றிதழில் இடம் இருந்திருக்காது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அது சேர்ந்தது. நீ அப்போது வளர்ந்த ஆள், கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாய். திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தப்பு.

இப்போது போகலாம் என்கிறேன். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, இருக்கிற சதவீதமும் போய்விட்டால் என்ன செய்வது என்று. சான்றிதழுக்கு ஆட்டிசத்தை அளக்க 'இசா' (ISAA) என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 70 வந்தால் 40 சதவீதம், சலுகைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. தனியாக, ஒரே மாதிரி விளையாடுகிறதா என்பதுகூட அதில் ஒரு கேள்வி. முப்பது தாண்டிய உன்னிடம் அதை எப்படிப் பார்ப்பார்கள்? அதனால்தான் முதலில் ஒரு உளவியலாளரிடம் நிதானமாகப் பேசி, எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொள்வோம். சான்றிதழ் அப்புறம்.

நீ ஒன்று மட்டும் செய்ய வேண்டும். கடைக்கு வருகிற எல்லாரிடமும் "சாப்பிட்டீங்களா" என்று சிரித்தபடி கேட்பாயே, அது அம்மா சொல்லிக்கொடுத்தது. பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அங்கே போயும் அதைத்தான் முதலில் கேட்பாய், அவர்களும் நன்றாகத்தானே பழகுகிறார் என்று நினைப்பார்கள். கடை மூடி வீட்டுக்கு வந்ததும் லைட் போடாமல், சட்டைகூட மாற்றாமல் ஒரு மணி நேரம் தரையில் படுத்துக் கிடக்கிறாயே, அதையும் சொல். பள்ளிக்கூட அட்மிஷன் சமயத்தில் கூட்டம் நெருக்கி, ஜெனரேட்டரும் ஓடினால் அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாடு இறங்காது என்பதையும் சொல். உன்னால் சொல்ல வரவில்லை என்றால் நான் எழுதி வைத்திருக்கிறேன், அதை நீட்டு.

இந்த வயதில் பேர் மாற்றி என்ன ஆகப்போகிறது என்று சித்தப்பா கேட்டார். பேருக்காக மட்டும் நான் அலையவில்லை. குரூப் 4 எழுத வேண்டும் என்று நீதான் ஒருநாள் சொன்னாய். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், ஆட்டிசம் உள்ளிட்ட சில வகைகளுக்குச் சேர்த்து ஒரு சதவீதம் இருக்கிறது. எழுதுவதில் சிரமம் இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கேட்கலாம் என்று மத்திய அரசின் விதிமுறையே உண்டு. சத்தத்துக்கு என்ன செய்யலாம், கடையில் உன் மேசையை எங்கே போடலாம் என்று சொல்லித்தர ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். இதுவரை இதையெல்லாம் உனக்காக யாரும் கேட்டதே இல்லை.

அம்மாவும் கண்டிப்பாக வர வேண்டும். நீ எப்போது பேச ஆரம்பித்தாய், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாய் என்பது அவளுக்குத்தான் தெரியும். நீல டிரங்குப் பெட்டியில் உன் பழைய ரேங்க் கார்டுகள் இருக்கின்றன, எடுத்து வை. இரண்டாம் வகுப்பு டீச்சர் 'கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்று எழுதியது அதில்தான் இருக்கிறது.

புதன் இரவு பஸ் ஏறுங்கள், விடியற்காலையில் சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் பதில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று அந்த உளவியலாளரிடம் போனிலேயே கேட்டுவிட்டேன். சரி என்றார்.

உன் அக்கா