ராத்திரிச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் நெஞ்செரிச்சலுக்குச் சீரகத் தண்ணீர், மோர், புதினா டீ, குளிர்ந்த பால், அதிமதுரம் என்று பல வீட்டு வைத்தியங்களைச் சொல்லியிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "அண்ணே, நெஞ்சு கரிக்குது, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இவற்றில் நாலைந்தையாவது செய்து பார்த்தவர்கள்தான். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று மட்டும் யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கட்டுரையும் கேட்கவில்லை.

வடசென்னையின் வேலைகள் அப்படி. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகள், ஷட்டர் இறக்கி வீடு போய்ச் சேர்ந்து தட்டில் கை வைக்கும்போது ராத்திரி 11 மணி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு வரிசை நகர்கிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். நள்ளிரவில் பரோட்டா சால்னா, அப்படியே கேபினில் படுக்கை. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாக்களுக்கு வெறும் வயிற்றில் டீ, கூடவே வாயில் புகையிலை.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் அது இறுகிக்கொள்ள வேண்டும். எண்ணெயும் கொழுப்பும், புகையிலையும், மதுவும் அதைத் தளர்த்திவிடும். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு நகரவும் நேரமாகும். வயிறு நிறைந்த கையோடு படுத்தால் அமிலம் மேலே ஏறுகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, நெஞ்சு எரிகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விட்டாலே பலருக்குப் பாதித் தொல்லை குறைந்துவிடும். கட்டிலில் படுப்பவர்கள் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். ஒற்றை அறை வீட்டில் பாயில் படுப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம், அதற்கும் நல்ல பலன் உண்டு.

கட்டுரையில் வந்த வைத்தியங்களுக்கு வருகிறேன். புளிக்காத நீர்மோரில் சீரகப் பொடி, துளி பெருங்காயம், பச்சை மிளகாய் இல்லாமல்: தாராளமாகக் குடிக்கலாம். புளித்த மோர் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். பால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும். புதினா அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தும் என்பதால், எதுக்களிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே மேல். அதிமதுரம் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் எடுக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சமையல் சோடாவும் பிரஷர் உள்ளவர்களுக்கு அப்படித்தான். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 2,000 மில்லிகிராம்தான்.

அத்தோ என்கிற நூடுல்ஸையும் சொல்லிவிடுகிறேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் நமக்குத் தந்த உணவு அது, எனக்கும் பிரியம்தான். ஆனால் வறுத்த பூண்டும் வெங்காயமும், புளித் தண்ணீரும், மிளகாய்த் தூளும் சேர்ந்தது. கூடக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்று நம்பி ராத்திரி 10 மணிக்குச் சாப்பிடாதீர்கள். சாயங்காலமே சாப்பிடுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வந்தால், பாண்டோபிரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். பரோட்டா சாப்பிட்டபின் போட்டால் முழுப் பலன் இல்லை. டாக்டர் பார்வை இல்லாமல் வருடக் கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். நெடுநாள் போட்டு திடீரென்று நிறுத்தினாலும் அமிலம் முன்னைவிடப் பொங்கும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

மூட்டை தூக்கும் தம்பிகள் முதுகு வலிக்கு டைக்ளோபினாக்கும், அது கிளப்பும் எரிச்சலுக்குக் கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கேட்பார்கள். அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் இத்தகைய வலி மாத்திரைகளும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும்தான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் அதற்கான மருந்து வேண்டும், மணத்தக்காளிக் கீரை அதைக் கொல்லாது. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கடைக்கு வராமல் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இவற்றைக் "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமல் வெறும் அஜீரணம் போலவே மாரடைப்பு வரக்கூடும் என்பதால், வீட்டில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சாயங்காலம் 7 மணிக்கு மேல் முறை வைத்து ஆளுக்கு இருபது நிமிடம் விடுங்கள். கையில் கொண்டுவந்த இட்லியோ, அம்மா உணவகத்துச் சப்பாத்தியும் பருப்புமோ அந்த நேரத்தில் உள்ளே போய்விட்டால், கடை மூடி வீட்டுக்குப் போனபின் ஒரு டம்ளர் மோரே அவர்களுக்குப் போதும். தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். ஆசிரியரும் உங்கள் மருத்துவப் பகுதியில் இதை ஒரு முறை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை