பூக்கல்லும் பதினைந்து நாள் கணக்கும்

காரைக்குடி

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

கடிதமும் அட்டவணையும் வந்தன. கானாடுகாத்தான் வீட்டை விடுதியாக்க நீ பதினோரு மாதத்துக்கும் நாள்வாரியாகக் கோடு கிழித்திருக்கிறாய். உன் மகன் மென்பொருள்காரர்கள் பாணியில் எல்லாமே அஜைல் (கொஞ்சம் செய்து, பார்த்து, திருத்திக்கொண்டே போவது), ஸ்பிரின்ட் (அப்படிப் போகும் ஒவ்வொரு குறுஞ்சுற்று) என்கிறான். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி கேள்: பிரித்து மறுபடி செய்தால் என்ன செலவாகும்?

ஓடு, சுவருக்குள் போகும் வயர், குழாய், சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் உன் அட்டவணைக்குள் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரை முடியவேண்டும். ஆவணிக் கடைசியைக் கெடுவாக வைத்துப் பின்னோக்கி எண்ணு. குழாயில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்காமல் பூச்சைத் தொடவிடாதே. பூசியபின் கொத்தினால் ஒட்டு தெரியும். அவசரத்துக்குச் சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரம் உள்ளே தங்கிப் பக்கத்துச் சுண்ணாம்பும் உப்பி உதிரும். இதற்கெல்லாம் முன்னால் பங்காளிகள் அத்தனை பேர் கையெழுத்து. அது வராமல் ஓர் ஓட்டைக்கூட இறக்காதே.

கட்டில் எங்கே, சுவிட்ச் எந்த உயரம், குளியலறைத் தடுப்பு எவ்வளவு என்பதெல்லாம் காகிதத்தில் தீராது. அது மகன் பக்கம். இரண்டாங்கட்டில் (இரண்டாவது முற்றத்துப் பக்கம்) ஓர் அறையை மட்டும் முதலில் முழுதாக முடித்து, இரண்டு இரவு ஆட்களைத் தங்கவைத்துக் குறை கேளுங்கள். மற்ற அறைகளில் சுவரைக் கொத்துவது அதற்குப் பிறகு. உன் அட்டவணைபோல் ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்தது என்று போவதை மென்பொருளில் வாட்டர்ஃபால் என்பார்கள். அதற்கு மூலவர் என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸே 1970 கட்டுரையில், ஒரே ஓட்டமாகப் போவது ஆபத்து, புது வேலையை இருமுறை செய் என்றுதான் எழுதினார். பலர் அதிலிருந்த படத்தை மட்டும் பார்த்தார்கள் போலும்! 2001 அஜைல் அறிக்கையும் திட்டம் வேண்டாமென்று சொல்லவில்லை. மகனிடம் சொல்.

தரைக்குப் போடும் ஆத்தங்குடிப் பூக்கல்தான் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தப் பூ என்பதை மாதிரி அறை முடியும்வரை தள்ளலாம்; ஆர்டர் போனபின் மாற்ற முடியாது. கண்ணாடிமேல் கையால் வார்த்து, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அடுத்த தடவை வார்த்தால் நிறம் சற்று மாறும். 12-க்கு 15 அடி அறைக்கு எட்டு அங்குலக் கல் 405. பத்து சதம் சேர்த்து 446-ஐயும் ஒரே தடவையில் வாங்கு. ஆகவே வேலை முடியும் நாளைப் போலவே, முடிவெடுக்கும் கடைசி நாளையும் அட்டவணையில் ஏற்று.

இரண்டு முறையைக் கலக்கும்போது கெடுவது பெரும்பாலும் கணக்கெழுத்தில்தான். தினசரி வேலையை அட்டவணையிலும் பலகையிலும் எழுதினால் ஒரு வாரத்தில் இரண்டும் பொருந்தாது. அட்டவணையில் கெடு நாட்கள் மட்டும். மற்றதெல்லாம் முகப்பில் மாட்டும் பலகையில். நடப்பு வேலை ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘முடிந்தது’ என்றால் என்ன என்றும் எழுதிவை: ஆசாரிக்குக் கதவு மாட்டினால் முடிந்தது, உனக்குத் தாழ்ப்பாள் விழவேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை மேஸ்திரி, ஆசாரி, மகனோடு உட்கார்ந்து ஐந்தொகை போடுவதுபோல் பாருங்கள். இரண்டு நாளுக்குள் அடங்கும் மாற்றத்தை மகனே முடிவு செய்யட்டும்; அதற்கு மேலென்றால் செலவும் நாளும் எழுதிய சீட்டோடு உன்னிடம் வரட்டும்.

இன்னொன்று. முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கு வளவு (உள்முற்றப் பகுதி) காலியாக வேண்டுமே, அந்த நாட்களை உன் அட்டவணையில் காணோம்.

அன்புடன்,
சுப்பையா