வாசிப்பறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

தெல்லிப்பழையிலுள்ள எமது சனசமூக நிலையத்தின் வாசிப்பறைத் திருப்பணி நிறைவெய்தியது. 1990 போர்க்கால இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பியபோது எமக்கு எஞ்சியிருந்தவை சுவர்கள்தான். இப்போது பனஞ்சலாகையில் ஓட்டுக்கூரை, சீமெந்து நிலம், மின்சாரம் எல்லாம் முடிந்துவிட்டன. கணக்கும் பற்றுச்சீட்டுகளும் பொருளாளரிடம் உள்ளன. எந்த அங்கத்தவரும் பார்வையிடலாம்.

கூரையைவிட அதிக காலம் எடுத்தது உட்சுவரில் பதித்த கருங்கல்தான். காங்கேசன்துறைத் தொகுதியைப் பல்லாண்டு பிரதிநிதித்துவப்படுத்திய தந்தை செல்வாவின் (சா. ஜே. வே. செல்வநாயகம்) பாராளுமன்ற வாழ்வை அதில் பொறித்துள்ளோம். வென்ற ஆண்டுகள் மட்டும் போதும் என்றார்கள் சிலர். குழு இணங்கவில்லை. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். அரசோடு சேர்ந்த காங்கிரஸ் தலைமையை விட்டு விலகி, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் எங்கள் தொகுதியே அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையைத் தெரிவுசெய்தது. அந்த வரியை விட்டுவிட்டால், 1956இல் அதே மக்கள் அவரை மீண்டும் அனுப்பியதன் பெறுமதி எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்? பெரும்பாலும் சைவர்கள் வாழும் தொகுதி, அவரோ கிறிஸ்தவர். அதுவும் கல்லில் உண்டு.

தமிழர் உரிமைக்காகச் சிங்களத் தலைவர்களான பண்டாரநாயக்கவோடும் டட்லி சேனநாயக்கவோடும் அவர் செய்த 1957 பண்டா–செல்வா, 1965 டட்லி–செல்வா ஒப்பந்தங்களுக்கு ஒவ்வொரு வரிதான். இரண்டும் நிறைவேறவில்லை.

கல்லின் நடுவே பெரிய எழுத்தில் இருப்பது 1972. குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று மக்களே தீர்ப்பளிக்கட்டும் என அவர் ஒக்ரோபரில் பதவி துறந்தார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரி 6 வரை வைக்கப்படவில்லை. நடுக்குவாதம் உடலைத் தளர்த்தியிருந்த முதுமையிலும் போட்டியிட்டு, வி. பொன்னம்பலத்தை 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். 1977 ஏப்ரல் 26இல் மறையும்வரை எங்கள் உறுப்பினராகவே இருந்தார். தானாகக் கதிரையை விட்டிறங்கி, வாக்காளரைக் கேட்டு மறுபடி ஏறியவர் என்பதே இந்தக் குழு அவரில் கண்ட பெருமை.

எழுத்து வெட்டிய சிற்பியாருக்கும், மேசன்மாருக்கும், வெளிநாடுகளிலிருந்து உதவிய உறவுகளுக்கும் எமது நெஞ்சார்ந்த நன்றி.

புத்தக அலுமாரிகள் இன்னும் நிறையவில்லை. அவருடைய உரைகள் வந்த பழைய ஹன்சாட் (பாராளுமன்ற உரைப் பதிவேடு) பிரதிகளோ, அக்காலத் தேர்தல் துண்டுப்பிரசுரங்களோ வீட்டில் வைத்திருப்பவர்கள் தந்துதவினால், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

திருப்பணிக் குழுவினர்